நந்தன் பாட்டும் நந்தன் படமும்

தமிழ் இசைநாடக உலகில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பெற்ற இடத்தை வேறெந்த நூலும் பெறவில்லை என்று எழுதினால், வள்ளி திருமணத்தின் அன்பர்களும் பவளக்கொடியின் அன்பர்களும் என்னோடு வழக்காட வருவார்கள். வரட்டும். வள்ளியும் பவளக்கொடியும் கேட்போர் நெஞ்சைக் குளிர்வித்த நாடகங்கள். நந்தன் சரித்திரமோ குளிர்வித்ததோடு நில்லாமல் சுட்டும் வந்தது. கதாகாலட்சேப மேடையில் பிறந்து, நாடகக் கொட்டகையில் வளர்ந்து, பேசும்படத்தில் புகுந்து, இன்று கச்சேரி மேடையில் நிலைத்திருக்கும் அந்த நூலின் வரலாற்றை, கேரளத்து எல்லையில் வாழும் தமிழராகிய நாம் அறிந்துகொள்வது பொருத்தமுடையது. நம்மில் ஒரு சாரார் பாலக்காட்டு அக்ரகாரங்களின் இசை மரபில் வந்தவர்கள்; மற்றொரு சாரார் தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலை பறிக்க வந்தவர்களின் மக்கள். இவ்விரு சாராரையும் ஒருங்கே தொடும் கதை இது ஒன்றே என்பது என் கருத்து.

கதையின் வேர் பழமையானது. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரைப் பெயரளவில் குறித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அப்பெயரை விரித்துரைத்தார். ஆதனூரில், தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனார், கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்கிறார். திருப்புன்கூரில் வாயிற்புறத்தே நின்று இறைவனைக் காண விழைந்தபோது நந்தி விலகி வழிவிடுகிறது. தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லி ஒருநாள் போய்ச் சேர்கிறார். எரியில் மூழ்கி முனிவராய் எழுந்து கோயிலுள் புகுகிறார். இவ்வளவே பெரியபுராணத்துக் கதை. இதில் நந்தனாரைத் தடுப்பவர் என்று தனியே ஒரு மனிதர் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி நிற்கிறார் அவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கதையைக் கையில் எடுத்த கோபாலகிருஷ்ண பாரதியார் நாகைக்கு அருகிலுள்ள நரிமணத்தில் பிறந்தவர், மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுநாள் வாழ்ந்தவர், மணம் செய்துகொள்ளாதவர், 1896-இல் மறைந்தவர். அவர் செய்த பெரிய மாற்றம் ஒன்றே. நந்தனுக்கு ஓர் ஆண்டையை அவர் படைத்தார். சேக்கிழாரில் இல்லாத அந்த நிலக்கிழார் வேதியர் பாரதியாரின் நூலில் தோன்றியதும் கதையின் தன்மையே மாறிவிட்டது. நாளைப் போவேன் என்பவன் ஏன் இன்றே போகவில்லை என்னும் கேள்விக்கு, சேக்கிழார் தந்த விடை பக்தனின் தயக்கம். பாரதியார் தந்த விடை, ஆண்டை உத்தரவு தரவில்லை என்பது. நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஓரிரவில் முடியக்கூடிய வேலையா அது? சிவகணங்கள் வந்து முடித்துக் கொடுக்கின்றன. விளைந்து நிற்கும் வயலைக் கண்டு நடுங்கிய ஆண்டை, தம் அடிமையின் காலில் விழுகிறார்.

தஞ்சை மண்ணில் பண்ணையாட்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட ஒருவர்தாம் இதை எழுதியிருக்க முடியும். சேரியின் பெரியவர்கள் நந்தனிடம், நமக்கேனப்பா இந்தத் தில்லையும் திருவிழாவும் என்று அறிவுரை கூறும் பகுதிகளில், அடிமைப்பட்டவர்களின் அச்சமும் அன்பும் ஒருங்கே பேசுகின்றன. இவற்றையெல்லாம் கீர்த்தனமாகவும் விருத்தமாகவும் நொண்டிச் சிந்தாகவும் ஆனந்தக் களிப்பாகவும், எளிய மக்களின் வாய்மொழியை விலக்காமல், பாரதியார் பாடிவைத்தார். அதனாலேயே இலக்கணப் புலவர்களுக்கு அந்நூல் முதலில் கசந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பதும், பாரதியார் பலமுறை வந்து காத்திருந்தார் என்பதும், ஒருநாள் அவர் தம்மை மறந்து பாடியதைக் கேட்டுப் பிள்ளையவர்கள் உருகிப் பாயிரம் தந்தார் என்பதும், உ. வே. சாமிநாத ஐயர் எழுதிய பாரதியாரின் வரலாற்றால் நாம் அறியும் செய்திகள். ஐயரவர்கள் இளமையில் மாயூரத்தில் பாரதியாரிடமே சில காலம் இசை பயின்றவர். நூல் 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதற்கு ஆதரவு தந்தார். தமிழ்ப் புலவர் தயங்கிய நூலுக்குப் பிரெஞ்சுக்காரர் கைகொடுத்தது விந்தைதான்.

அச்சேறிய பின் அந்நூல் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து, தமிழ் தெரிந்த ஊரெங்கும் நடந்தது. தஞ்சை கிருஷ்ண பாகவதர் போன்றோர் செழிக்கச் செய்த கதாகாலட்சேபக் கலைக்கு இஃது உயிர்ப்பொருளாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடகக் கம்பெனிகள் இதனை மேடையேற்றின. அக்காலத்துத் தமிழ்நாடகக் கம்பெனிகள் மலையாள நாட்டு நகரங்களிலும் வந்து கொட்டகை போட்டு ஆடியவை என்பதையும், மலையாளத்தில் சங்கீத நாடகம் என்றொரு வகை தழைத்ததற்கு அவற்றின் ஆர்மோனியமும் திரைச்சீலையும் முக்கிய காரணம் என்பதையும் மலையாள நாடக வரலாற்றாசிரியர்களே ஒப்புக்கொள்வர். அந்த மேடையின் தனிப்பெரும் ஒளியாக விளங்கிய எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்த செங்கோட்டை, அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்ட ஊர். 1956-இல்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதே ஆண்டில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கோடு நகர்ந்ததே ஒழிய, பாட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

கிட்டப்பாவின் பெயரைச் சொன்னபின் கே. பி. சுந்தராம்பாளின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. கொடுமுடியில் பிறந்த அவ்வம்மையார், கிட்டப்பாவை மணந்து, அவரோடு இணைந்து நடித்துப் பெரும்புகழ் எய்தியவர். 1933 டிசம்பரில் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தார். அம்மையார் வெண்ணிற ஆடை புனைந்தார். இனி எந்த ஆடவனுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பேசும்படக்காரர்கள் அவரை விடவில்லை. அசன்தாஸ் என்னும் பட முதலாளி வந்து கேட்டபோது, ஆளை அனுப்பிவிடும் நோக்கத்தோடு ஒரு லட்சம் ரூபாய் வேண்டும் என்றாராம், முதலாளி இசைந்துவிட்டார். ஒரு லட்சம் என்பது அந்நாளில் இந்திய நடிகர் எவரும் கனவிலும் கருதாத தொகை.

இவ்வாறு உருவானதே 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’. நந்தனாக நடித்தவர் சுந்தராம்பாள். ஆண்வேடம் பூண்டால் உறுதியும் குலையாது, பாட்டும் தடைப்படாது. வேதியராக நடித்தவரோ கருநாடக இசையின் முன்னணி வித்துவான்களில் ஒருவரான மகாராஜபுரம் விசுவநாத ஐயர். மாணிக் லால் டாண்டன் இயக்கத்தில் கல்கத்தாவில் படமாக்கப்பட்டது. பின்னாளில் ‘சகுந்தலை’, ‘மீரா’ ஆகிய படங்களால் புகழ்பெற்ற அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இந்தியாவுக்கு வந்து முதலில் கைவைத்த படப்பிடிப்பும் இதுவே. டாண்டனுக்கு உதவியாகச் சில காட்சிகளை அவர் எடுத்தார். படத்தில் நாற்பத்தொரு பாடல்கள். அவற்றில் பத்தொன்பதை அம்மையாரே பாடினார். படம் என்ற அளவில் அது குறையுடையதென்று அன்றைய விமரிசகர்கள் கருதினார்கள். ஆனந்த விகடனில் கல்கி செய்த கேலி பல்லாண்டு பேசப்பட்டது. நானும் அதனைப் படம் என்று சொல்லத் தயங்குவேன். பாட்டுக் கச்சேரிக்குப் பின்புறம் ஒரு திரை தொங்கியது என்பேன்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. கதைப்படி வேதியர் இறுதியில் நந்தனை வணங்கியே ஆகவேண்டும். வேதியராக நின்றவர் மெய்யாகவே அந்தணர்; சங்கீத உலகின் பெரியவர். நந்தனாக நின்றவர் நாடக மேடையில் வளர்ந்த பெண்மணி, கணவனை இழந்தவர். பாரதியார் ஏட்டில் எழுதிய தலைகீழ் மாற்றத்தைப் படத்தில் நடித்தவர்களின் வாழ்வே இரட்டிப்பாக்கிவிட்டது. இதனை மேடையில் செய்தால் ஓர் ஊர் காணும். படத்தில் செய்ததால் சென்னை மாகாணம் முழுதும் கண்டது.

காண வந்தவர்களின் ஊர்கள் எந்நிலையில் இருந்தன என்று பார்ப்போம். பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று அரசு அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அக்ரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தடுக்கப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள். பின்னர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்த ஈழவர்கள் அத்தெருவில் நடக்கும் உரிமையைக் கோரி நின்றனர். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே கேட்கப்பட்டது கருவறை அன்று, கோயில்கூட அன்று. தெரு. இசையில் தோய்ந்த கல்பாத்தி, நந்தனின் கீர்த்தனைக்குக் கண்ணீர் விடக்கூடிய கல்பாத்தி, தன் தெருவில் ஒருவன் நடந்துவருவதைப் பொறுக்கவில்லை. இதை எழுதுவது அவ்வூரைக் குறைகூற அன்று. அன்று தமிழகத்து ஊர்கள் பெரும்பாலானவற்றின் நிலை அதுவே. பாட்டுக்கு உருகுவதும் வழிவிடுவதும் வேறு வேறு காரியங்களாக இருந்தன.

மலைப்பக்கம் திருவிதாங்கூர் அரசு. படம் வெளிவந்த மறு ஆண்டு, 1936 நவம்பர் 12-ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. ஆக, மூணாற்றுத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளிக்கு அரசின் கோயில்கள் சட்டப்படி திறந்த நாளில், அவன் விட்டுவந்த மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பெருங்கோயில்கள் மூடியே இருந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசம் 1939 ஜூலை 8-ஆம் நாள் நிகழ்ந்தது. மலபாரில் 1931-இல் சத்தியாக்கிரகம் கண்ட குருவாயூர்க் கோயில் 1947-இல்தான் திறந்தது. ‘நாளை’ என்னும் சொல் ஓர் ஊரில் மூன்றாண்டும் மற்றோர் ஊரில் பதினாறாண்டும் நீண்டது.

இவ்விடைக்காலத்தில், 1942-இல், எஸ். எஸ். வாசனின் ஜெமினி ‘நந்தனார்’ வெளிவந்தது. இயக்கியவர் முருகதாசா. நந்தனாக எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியராகச் செருகளத்தூர் சாமா. பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் புதிய பாடல்களை எழுதினர். தேசிகர் திருச்செங்காட்டங்குடியில் பிறந்து தேவார மரபில் வளர்ந்தவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைக் கல்லூரியில், தில்லைக் கோயிலின் அருகிலேயே, பணியாற்றியவர். சுந்தராம்பாளின் நந்தன் உச்சத்தில் நின்று இறைவனை அழைத்தான் என்றால், தேசிகரின் நந்தன் தாழ்ந்த குரலில் தனக்குத்தானே பேசிக்கொண்டான். இரண்டு படங்களையும் பார்த்த மூத்தோர் எவர் பெரியவர் என்று திண்ணையில் வழக்காடியதுண்டு. பாட்டின் வீச்சுக்கு அம்மையாரையும், நந்தன் என்னும் மனிதனுக்குத் தேசிகரையும் நான் தேர்வேன். சாமாவின் வேதியரைப் பற்றியும் ஒரு சொல். அவர் உறுமவில்லை, கொடுமைக்காரராகவே தம்மை எண்ணவில்லை. வழக்கம் எதுவோ அதைச் செய்பவராக நின்றார். அதனால்தான் அவரிடம் அச்சம் உண்டாயிற்று.

படம் வெற்றி பெற்றது. ஆனால் எல்லாரும் கைதட்டவில்லை. கோலார் தங்கவயலில் இப்படத்துக்குத் தாழ்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளரிடையே எதிர்ப்பு எழுந்தது. தமிழ் மண்ணை விட்டு வெளியேறி, அயல் மொழி அரசின் நிலத்தடியில் பொன் தோண்டியவர்கள் அவர்கள். நம் மலைத்தோட்டத்துத் தமிழருக்கு உடன்பிறந்தார் என்றே அவர்களைச் சொல்லலாம். நிலக்கிழாரிடம் உத்தரவு கேட்டுக் கைகட்டி நிற்பவனும், தீயில் குளித்த பின்னரே ஏற்கப்படுபவனும், தம் குலத்தின் உருவமாகத் திரையில் காட்டப்படுவதை உரிமை உணர்வு பெற்றுவிட்ட ஒரு தொழிலாளி எப்படிப் பார்த்திருப்பான்?

தோட்டத்து வாழ்வை அறிந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மலையேறி, விடியுமுன் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்து, லயத்து ஒற்றை அறையில் குடும்பம் நடத்தியவர்கள் நம் முன்னோர். ஊரில் தாய் இறந்தாலும் துரையின் உத்தரவின்றி மலையிறங்க முடியாது. கடன் தீராமல் கணக்கு முடியாது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல்தான் வந்தது. அதற்கு முன் இருந்த தொழிலாளிக்கு, நாற்பது வேலியை முடித்துவிட்டுப் போ என்னும் சொல் புராணக் கதையாகவா தோன்றியிருக்கும்? பாரதியார் தஞ்சை வயலைக் கண்டு படைத்த ஆண்டை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறு உடை அணிந்து, குதிரைமேல் வந்தான். சிவகணங்கள்தாம் வரவில்லை.

நந்தனின் முடிவைக் குறித்த வழக்கு பின்னரும் ஓயவில்லை. படங்களுக்கும் முன்பே அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் அடிமையல்லன், பௌத்த அரசன் என்று எழுதினார். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, நந்தனின் பெயரால் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். காந்தியடிகள் தம் தமிழ்நாட்டுச் சொற்பொழிவுகளில் நந்தனைச் சத்தியாக்கிரகத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்று கதை எழுதினார். 1978-இல் இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ என்னும் நாடகத்தில், தீயில் இறங்கியது அருளால் நேர்ந்ததா, சூழ்ச்சியால் நேர்ந்ததா என்று கேட்டார். ஒரே மனிதனை அரசன் என்றும் அடியார் என்றும் சத்தியாக்கிரகி என்றும் பலியானவன் என்றும் சொல்லும் இவர்களில் எவரும் பாரதியாரைத் தொடாமல் செல்ல முடியவில்லை. பின்பற்றவோ மறுக்கவோ அவர் வேண்டியிருந்தார்.

இனி நம் பாலக்காட்டுக்கே திரும்புவோம். கல்பாத்தித் தெருவில் அந்த மோதல் நிகழ்வதற்குச் சரியாக ஓராண்டு முன், 1923 நவம்பரில், பாலக்காட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் மாணவராகி, 1986-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற கே. வி. நாராயணஸ்வாமியே அவர். அவர் பாடிய கிருதிகள் எத்தனையோ. அன்பர்கள் சீட்டெழுதி அனுப்பிக் கேட்டதோ பெரும்பாலும் ஒன்றைத்தான்: மாஞ்சி இராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ என்னும் பாரதியாரின் கீர்த்தனை. தில்லையின் வாயிலில் நின்று, உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கும் இடம் அது. நாராயணஸ்வாமி அதை விரைவின்றி, ஆரவாரமின்றி, கேட்கவே கூசுபவனைப்போலப் பாடுவார். திரையில் சுந்தராம்பாள் செய்யாததும் தேசிகர் தொட்டுச் சென்றதுமான ஒன்றை அவர் வேடமின்றி, காட்சியின்றி, நாற்காலி நிறைந்த சபையில் செய்தார். வேதியரும் இல்லை, சிவகணங்களும் இல்லை, தீயும் இல்லை. வாயிலில் ஒருவன் நிற்கிறான்; அவ்வளவே. கீர்த்தனை கேள்வியாகவே தொடங்கிக் கேள்வியாகவே முடிகிறது. உள்ளிருந்து விடை வருவதை பாரதியார் அப்பாட்டில் எழுதவில்லை. 2002-இல் நாராயணஸ்வாமி மறைந்தார். ஒலிப்பதிவுகளில் அக்கேள்வி அவர் குரலிலேயே இருக்கிறது.

சுந்தராம்பாள் 1980-லும் தேசிகர் 1972-லும் காலமாயினர். அவர்கள் படங்கள் ஓடிய நாளில் கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் நம் அன்பர்களின் வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கக்கூடும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலோ, மூணாறு, பீர்மேடு தோட்டங்களின் கோயில் திருவிழாக்களிலோ நந்தன் நாடகம் ஆடியவர்கள், கண்டவர்கள், நோட்டீசோ புகைப்படமோ வைத்திருப்பவர்கள், அவற்றைச் சங்கத்து நூலகத்துக்குத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடலாம். யார் வேதியராக நடித்தார், யார் நந்தனாக நடித்தார் என்பதையும் மறவாமல் எழுதித் தருக.